கடலோரக் கூடமும் வீட்டு நூலகமும்

தமிழில் ‘நூல்’ என்னும் ஒரே சொல் இரு பொருள்களைத் தருகிறது. தறியில் ஓடும் இழையும் நூல்; விரித்துப் படிக்கும் ஏடும் நூல். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், சொற்களைப் பஞ்சாகவும் புலவனை அப்பஞ்சை நூற்கும் பெண்ணாகவும் வைத்து இவ்விரு நூல்களின் உறவை அழகுற விளக்கியிருக்கிறார். ஆயினும் நம் அங்கத்தினர் இல்லங்களில் இவ்விரண்டிற்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றாக இல்லை.

சங்கத்திலிருந்து வாங்கி வந்த பாவு நூலை நெசவாளர் எவரும் வெறுந்தரையில் வைப்பதில்லை. ஈரச் சுவரில் சாய்ப்பதில்லை. எலி அண்டாமலும் சாரல் படாமலும் காக்கிறார். குடியானவரோ விதை நெல்லை நன்றாகக் காயவைத்து, கடித்துப் பார்த்து, ஈரம் போயிற்று என்று உறுதியான பிறகே குதிரிலோ மூட்டையிலோ கட்டுகிறார். ஆனால் பிள்ளைகள் படித்த புத்தகங்கள் என்ன ஆகின்றன? ஆண்டுத் தேர்வு முடிந்ததும் கோணியில் கட்டிப் பரண்மேல் ஏற்றப்படுகின்றன. அன்றேல் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில் தள்ளப்படுகின்றன. நிலப் பத்திரமும், பட்டாவும், சங்கத்தின் பாஸ் புத்தகமும் பெரும்பாலும் அதே பெட்டியில்தான் கிடக்கின்றன. இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் யாவும் ஒட்டி ஒரே கட்டியாக இருக்கும்.

மரக்காணம் உப்பளங்கள் தொடங்கிக் கழுவெளியைக் கடந்து பொம்மையார்பாளையம் வரையில் நீளும் நம் கரையில் இன்று பலர் புதிதாக வீடு கட்டுகிறார்கள். பழைய கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள். இந்த உப்புக் காற்றில் கூடத்தை எவ்வாறு அமைத்தால், அதிலேயே ஒரு சிறு நூலகத்தையும் வைத்துப் பாதுகாக்க முடியும் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கடற்கரைப் பாணி என்பது யாது?

‘கடற்கரைப் பாணி’ என்ற பெயரில் மரச்சாமான் கடைகளும் பட ஏடுகளும் ஒருவகைக் கூடத்தைக் காட்டுகின்றன. வெள்ளைச் சுவர், நீலத் திரை, சங்கு, சிப்பி, வடக்கயிறு, சுவரில் ஒரு படகுத் துடுப்பு ஆகியவை அதில் இருக்கும். பார்வைக்கு இனிதாகத்தான் இருக்கிறது. குளிர்ந்த நாடுகளில் ஆண்டிற்குச் சில வாரங்கள் மட்டும் கடலருகே தங்கச் செல்வோர்க்கு அது போதும். ஆண்டு முழுவதும் கடலோரத்தில் வாழ்வோர்க்கு அழகு வேறோர் இடத்தில் தொடங்குகிறது. காற்று வரவேண்டும், அது கொண்டுவரும் உப்பு உள்ளே தங்கலாகாது. வெளிச்சம் வேண்டும், வெயில் புகலாகாது. மழை பெய்தால் சுவர் நனையும். நனைந்த சுவர் உலர வழியிருக்கவேண்டும். இவற்றைச் செய்த கூடம் தானாகவே அழகு பெறும்.

நீலமும் வெள்ளையும் கூட நமக்குப் பிறர் கற்பித்தவை அல்ல. சோழமண்டலக் கரையில் அவுரி பயிராயிற்று. நம் நெசவாளரின் துணி அந்நீலத்தில் தோய்க்கப்பட்டது. புதுச்சேரியிலிருந்து ‘கினே’ என்ற பெயருடன் நீலத் துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகால் வரை கப்பலேறியது. 1897-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் அவுரிப் பயிர் மங்கியது. குடியானவர் விளைத்து நெசவாளர் தோய்த்த நிறம் அது. ஆகவே நம் கூடத்தில் நீலத் திரை தொங்குமாயின், அது நம் பாட்டன்மாரின் தொழிலிலிருந்து வந்த நிறமென்றே கொள்ளலாம்.

உப்பு செய்யும் வேலை

கடலோர வீட்டில் இரும்பு துருவேறுவதையும் சுவர் உப்புப் பூத்து உதிர்வதையும் அறியாதவர் இல்லை. புத்தகம் கெடுவதற்கும் அந்த உப்பே முதற்காரணம் என்பதைப் பலர் அறிவதில்லை.

அலை உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் தெறித்துக் காற்றில் கலக்கின்றன. நீர் ஆவியாகிவிட, உப்புத் துகள்கள் காற்றோடு வந்து நம் சுவரிலும் சாமானிலும் படிகின்றன. கரையிலிருந்து சில நூறு அடிகளுக்குள் இது மிகுதி. உள்ளே போகப்போகக் குறையும். 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புகள் கட்டப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைப்பட்டு, வடபுறத்துக் கரைகள் அரிக்கப்பட்டன. இதனால், முன்பு கடலுக்குத் தொலைவில் இருந்த வீடுகள் சில இன்று அலைக்கு அருகில் நிற்கின்றன.

உப்பின் இயல்பை உப்பளத் தொழிலாளர் நன்கறிவர். காற்றில் ஈரம் ஏறினால் உப்புக் குவியல் கசியத் தொடங்கும். தூய உப்பானது, காற்றின் ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரைத் தானே ஈர்த்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் மக்னீசியக் கலப்பு இருப்பதால், அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசிகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கரைக் காற்று இந்த அளவைப் பல நாள் தாண்டி நிற்கும். அப்போது புத்தகத்தின்மேல் படிந்த உப்புத்தூசி ஒவ்வொன்றும் ஒரு துளி நீராகித் தாளை நனைக்கிறது. மழை ஓய்ந்து காற்று சற்றே உலர்ந்த பின்னரும் அந்த ஈரம் எளிதில் விடுவதில்லை. ஈரப்பதம் 65 அல்லது 70 சதவிகிதத்திற்குமேல் பல நாள் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தை நாடி இராமபாணப் பூச்சியும், சுவர்வழியே கரையானும் வந்துசேரும்.

இதிலிருந்தே நமக்கு ஓர் எளிய கருவியும் கிடைக்கிறது. புத்தகத் தட்டின் மூலையில் ஒரு சிறு தட்டில் சிட்டிகை தூள் உப்பை வைத்துப் பாருங்கள். அது கசிந்தால் அவ்விடம் புத்தகத்திற்கு ஆகாது. தட்டை நகர்த்தவேண்டும், அன்றேல் காற்றுக்கு வழி செய்யவேண்டும். துல்லியமாக அறிய விரும்புவோர் சில நூறு ரூபாய் விலையில் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மாட்டலாம்.

நெசவாளர் அங்கத்தினர் இங்கே ஒன்றைக் கருதவேண்டும். பருத்தி இழை ஈரத்தில் வலுப்பெறும். அதனாலேயே குழித்தறியின் குளிர்ச்சியில் பாவு அறாமல் ஓடுகிறது. தாளோ ஈரத்தில் வலுவிழக்கும். ஒரே வீட்டில் தறிக்கு ஈரமும் ஏட்டிற்கு உலர்வும் தேவைப்படுவதால், தறி மேடைக்கருகில் புத்தகத் தட்டை வைத்தல் தகாது. இடையில் ஒரு சுவராவது இருத்தல் நலம்.

அண்டையில் இரு எடுத்துக்காட்டுகள்

பொம்மையார்பாளையத்திலிருந்து தெற்கே சில கல் தொலைவில் உள்ள புதுச்சேரியில், நமக்கு வழிகாட்டக்கூடிய கட்டடங்கள் இரண்டு உள்ளன.

முதலாவது, ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கோல்கொண்டே என்னும் தங்கும் விடுதி. ஜப்பானில் நெடுங்காலம் தொழில் புரிந்த அந்தோனின் ரேமண்ட் என்ற சிற்பி இதற்கு வரைபடம் வகுத்தார். ஜார்ஜ் நகஷிமா, பிரான்டிசெக் சாம்மர் ஆகியோர் உடனிருந்து பணியை நடத்தினர். 1937-இல் தொடங்கிய வேலை 1940-களில் நிறைவெய்தியது. இக்கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் நோக்குகின்றன. கிழக்கு மேற்கு வெயில் குறுகிய பக்கங்களையே தாக்குகிறது. சன்னல்களுக்குப் பதிலாகச் சாய்த்துத் திருப்பக்கூடிய கிடைச்சட்டங்கள் சுவர் முழுவதும் அடுக்கப்பட்டிருக்கின்றன. சட்டங்களைத் திருப்பினால் வெயிலும் சாரலும் தடுக்கப்படும். காற்று மட்டும் உலவும். கூரை இரட்டையாக அமைந்து இடையில் காற்று புகுவதால் வெப்பம் கீழிறங்குவதில்லை. குளிர்சாதனம் இன்றியே அறைகள் தண்மையாக இருக்கின்றன. அச்சட்டங்கள் கல்நார்ச் சிமெண்டால் ஆனவை. கல்நாரின் தீங்கு இன்று தெளிவாகியிருப்பதால், அப்பொருளை விடுத்து அமைப்பை மட்டும் நாம் மேற்கொள்வோம். மரச்சட்டம் அடுக்கிய சன்னற் கதவுகளைப் பழைய புதுச்சேரி வீடுகளில் இன்றும் காணலாம். நம் தச்சர்கள் அவற்றைச் செய்ய வல்லவர்கள்.

இரண்டாவது, 1955-இல் திறக்கப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம். கடலுக்கு எதிரிலேயே நிற்கும் இந்நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சைவ ஆகம ஓலைச்சுவடிகள் காக்கப்பட்டு வருகின்றன. புதுச்சேரியிலுள்ள மற்றொரு பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 11,000 சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அலையோசை கேட்கும் தூரத்தில் பனையோலை நிலைத்திருக்குமாயின் அச்சுப் புத்தகமும் நிலைத்திருக்கும். இடத்தைக் காட்டிலும் கவனிப்பே முக்கியம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கூடத்தின் அமைப்பு

நம் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது. கோடையில் முற்பகலில் மேல்காற்று வீசி, பிற்பகலில் கடற்காற்று திரும்பும். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். கூடத்தின் வாயில்களையும் தட்டுகளையும் இந்த இரண்டையும் எண்ணியே அமைக்கவேண்டும்.

கிழக்கில் ஒரு திண்ணையோ தாழ்வாரமோ இருப்பது பெரும் நன்மை. நேரே வரும் உப்புக் காற்று முதலில் அங்கே வேகம் தணியும். காலை வெயிலும் கடல் ஒளியின் கூச்சமும் கூடத்திற்குள் நுழையா. திண்ணைக்கு அப்பால் இடமுள்ளவர்கள் சவுக்கு, பூவரசு முதலிய மரங்களை வரிசையாக வைத்தால் மணலும் உப்பும் ஓரளவு அங்கேயே தங்கும். கிழக்குச் சன்னலுக்கு நேரெதிரே மேற்கில் மற்றொரு சன்னல் வேண்டும்; அது முன்னதைவிடச் சிறியதாக இருத்தல் கூடாது. காற்று வெளியேற வழி இல்லாத வீட்டில் காற்று நுழைவதும் இல்லை.

சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே நம் கரைக்கு ஏற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசிய சுவர் உள்ளீரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். எண்ணெய் வண்ணம் பூசிய சிமெண்டுச் சுவரில் ஈரம் அடைபட்டு, உப்பு உள்ளேயே பூத்து, பொருக்குப் பொருக்காக வண்ணத்தைத் தள்ளிவிடும். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைப் பரப்புவதால் பகலில் படிக்க விளக்கு வேண்டியிராது. புதிதாகக் கான்கிரீட் போடுவோர், செலவைக் குறைக்கும் எண்ணத்தில் கடல் மணலைக் கலக்க ஒருபோதும் இசையலாகாது. உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் கூரையைப் பிளந்துவிடும். கடலோரக் கட்டடத்தில் கம்பிமேல் கான்கிரீட் மூட்டம் 45 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி.

தரைக்குக் கடப்பைக் கல்லோ, செட்டிநாட்டு ஆத்தங்குடி ஓடோ, எளிய சிவப்புத் தரையோ போதும். துடைத்தால் உப்பு போய்விடவேண்டும் என்பதே கருத்து. கனத்த கம்பளங்கள் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோரைப்பாயும் பவானி ஜமுக்காளமும் உதறிக் காயவைக்கத் தக்கவை. திரைகளும் அவ்வாறே. கைத்தறிப் பருத்தித் திரை ஒன்று சன்னலில் தொங்கினால், காற்றைத் தடுக்காமல் உப்புத்தூசியில் ஒரு பகுதியைத் தன்மேல் ஏற்கும். மாதம் ஒருமுறை அதனை நல்ல நீரில் அலசினால், புத்தகத்தின்மேல் படியவேண்டிய உப்பு நீரோடு போய்விடும். இத்திரையும் பாயும் நம் நெசவுச் சங்கங்களிலும், 1935 முதல் தொண்டாற்றி வரும் கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையங்களிலும் கிடைக்கும்போது, வேறிடம் தேடுவது எதற்கு?

புத்தகத் தட்டு

தட்டை எங்கே வைப்பது என்பதே தலையாய கேள்வி. வடகிழக்கு மழை தாக்கும் வெளிச்சுவரில் வைத்தலாகாது. பிற்பகல் வெயில் காயும் மேற்குச் சுவரும் ஏற்றதன்று. கூடத்திற்கும் அடுத்த அறைக்கும் நடுவேயுள்ள உட்சுவரே சிறந்தது. அங்கும் காற்று பாய்ந்து செல்லும் நேர்ப்பாதையை விட்டுச் சற்று ஒதுங்கியிருப்பது நலம். நேர் வெயில் எக்காலத்தும் படலாகாது. சாயத் துணி வெயிலில் வெளிறுவதை நெசவாளர் அறிவர். மட்டத் தாள் மஞ்சளித்து நொறுங்குவதும் வெயிலில் விரைவுபடுகிறது.

தட்டின் முதுகிற்கும் சுவருக்கும் இடையே 2 அங்குல இடைவெளி விடவேண்டும். அவ்விடைவெளியில் காற்று உலவும். கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கட்டும். இதற்குக் காரணம் கூறவேண்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலையும், 2024 நவம்பர் 30-இல் கரையேறிய ஃபெஞ்சல் புயலையும் கண்டவர்கள் நாம். ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மயிலத்தில் அதனினும் சற்று மிகுதி. நீர் வடிந்தபின் பாயையும் தலையணையையும் அரிசியையும் வாசலில் பரப்பினோம். புத்தகத்தின் நினைவு கடைசியில்தான் வந்தது. பத்திரங்களையும் சான்றிதழ்களையும் மேல்தட்டில், நீர் புகாத உறையிலிட்டு வைப்பது கட்டாயம்.

ஒரு தட்டின் ஆழம் 10 அங்குலமும், தட்டுக்கும் தட்டுக்கும் உயரம் 11 அல்லது 12 அங்குலமும் இருந்தால் பெரும்பாலான புத்தகங்கள் அடங்கும். புத்தகம் கனமான பொருள். 3 அடிக்கு மேல் நீளமுள்ள பலகை நடுவில் தொய்யும். ஓர் அடி நீளத்தில் சுமார் 13 புத்தகங்கள் நிற்கும். ஆகவே 3 அடி அகலமும் 5 தட்டுகளும் உள்ள ஓர் அலமாரியில் ஏறத்தாழ 200 புத்தகங்களை வைக்கலாம். புத்தகங்களை இறுக்கி அடுக்காமல், ஒரு விரல் எளிதில் நுழையும்படி விடவேண்டும்.

தேக்கு எல்லோர்க்கும் கட்டுபடியாகாது. நம் கொல்லையிலுள்ள வேம்பும் பூவரசும், நன்கு காய்ந்து பதப்பட்டவையாக இருந்தால், போதுமானவை. வேம்பை எளிதில் பூச்சி அண்டுவதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகைகள் நம் காற்றில் ஊதிப் பிளந்துவிடும். பலகை வாங்குவதாயின் கொதிநீரிலும் பிரியாத மரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்குவது நன்று. இரும்பு ஆணியைத் தவிர்த்துப் பித்தளைத் திருகாணி பயன்படுத்தவேண்டும். ஏற்கெனவே இரும்பு பீரோ உள்ளவர்கள் அதனைக் கட்டைமேல் ஏற்றி வைத்து, வாரம் இருமுறை திறந்து காற்றாட விடலாம்.

திறந்த தட்டில் உப்புத்தூசி விழும். கண்ணாடிக் கதவிட்டு அடைத்தாலோ உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சணம் வளரும். இரண்டிற்கும் நடுவழி, கோல்கொண்டேயின் முறையில் மரச்சட்டம் அடுக்கிய கதவு. அதற்கு வசதியில்லாதவர்கள் தட்டின் முன்னே ஒரு கைத்தறித் துணியைத் தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

படிக்க இடம் வேண்டும். சன்னலருகே, வெளிச்சம் இடது தோளின்மேல் விழும்படி ஒரு பெஞ்சோ சாய்வு நாற்காலியோ போடுக. பிள்ளைக்கு அதுவே எழுதும் இடம், தந்தைக்கு நாளேடு, பாட்டிக்கு ஓய்வு. தொலைக்காட்சி கூடத்தில் இருப்பதாயின், அது தட்டிற்கு எதிர்மூலையில் இருக்கட்டும். கூடத்தில் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது புத்தகமாக இருந்தால், கை தானே அதனை நாடும்.

ஆண்டு முழுவதும் கவனிப்பு

நம் முன்னோர் வகுத்த நாட்களே இதற்கும் பொருத்தமாக அமைந்துள்ளன. சரசுவதி பூசையன்று ஏடுகளை இறக்கித் துடைத்து அடுக்குகிறோம்; அடுத்த சில வாரங்களில் வடகிழக்கு மழை தொடங்குகிறது. போகியன்று வீட்டை ஒழிக்கிறோம். அப்போது மழைக்காலம் முடிகிறது. முதல் நாளில் உலர்ந்த துணியால் துடைத்து உள்ளே வைத்தலும், இரண்டாம் நாளில் ஒவ்வொன்றாக விரித்துப் பூஞ்சணம் உள்ளதா எனப் பார்த்தலும் போதுமான ஒழுங்காகும். இரண்டு நாட்களிலும் நிழலில் காற்றாட விடவேண்டும், வெயிலில் காயவைத்தலாகாது.

தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை, கற்பூரம் ஆகியவற்றைப் பொடித்துத் துணியில் முடிந்து சுவடிகளிடையே வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டில் வசம்புத் துண்டும் உலர்ந்த வேப்பிலையுமே போதும். இவை பூச்சியை விரட்டும், ஈரத்தை நீக்கா. அந்துருண்டையை மக்கள் புழங்கும் கூடத்தில் மிகுதியாக வைத்தல் உடல்நலத்திற்குக் கேடு.

புத்தகம் நனைந்துவிட்டால் காலந்தாழ்த்தலாகாது. இரண்டு நாளில் பூஞ்சணம் தொடங்கிவிடும். சிறிதே நனைந்ததைச் செங்குத்தாக நிறுத்தி, விசிறிபோல் இதழ்களை விரித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தவேண்டும். மிகுதியாக நனைந்ததன் இதழ்களைப் பிரிக்க முயலாமல், சில தாள்களுக்கு ஒருமுறை மை இல்லாத வெள்ளைத் தாளை இடையிட்டு மாற்றிக்கொண்டே வரவேண்டும். பளபளப்புத் தாளில் அச்சிட்ட புத்தகமும் முக்கியமான பத்திரமும் நனைந்தால், பாலிதீன் உறையில் சுற்றிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்துவிடலாம். அங்கே பூஞ்சணம் வளராது. பிறகு அமைதியாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். முன்பே பூஞ்சணம் பிடித்ததை வாசலில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு மென்மையான தூரிகையால் துடைத்தெடுக்கவேண்டும்.

இது யாருடைய பொருள்?

‘இவ்வளவும் பணக்காரர் வீட்டிற்கன்றோ’ என்று சில அங்கத்தினர் எண்ணக்கூடும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, தம் இல்லத்தில் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் 1992-இல் மறைந்தபின் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாயின. உலகெங்குமுள்ள அறிஞர்கள் இன்று அதனை நாடி வருகிறார்கள். அத்தொகுப்பு ஒரு தொழிலாளியின் வீட்டில் தொடங்கியது.

இன்னும் நெருங்கிப் பார்த்தால், புத்தகமே நம் தொழிலிலிருந்து பிறந்தது. மரக்கூழ் வருவதற்கு முன்னர், ஐரோப்பாவில் நெய்த துணியின் கந்தலை ஊறவைத்து அடித்துத்தான் தாள் செய்தனர். அத்தாள் பல நூற்றாண்டுகள் நின்றிருக்கிறது. நம் நாட்டு நாணயத் தாள் இன்றும் பருத்தியால் ஆனது. 1979-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நெசவாளரின் கந்தலும் குடியானவரின் சக்கையும் ஏடாகும்போது, அவ்வேட்டிற்கு அவர்கள் வீட்டில் இடமில்லை என்பது முறையாகுமா?

கூட்டுறவின் வரலாறும் இதையே கூறுகிறது. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை திறந்த முன்னோடிகளில் நெசவாளர் பலர் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்கத் தொடங்கிய அச்சங்கம், சில ஆண்டுகளில் படிப்பறையும் நூலகமும் ஏற்படுத்தியது. பின்னர் ஆதாயத்தில் இரண்டரை சதவிகிதத்தைக் கல்விக்கென்றே ஒதுக்கியது. கலப்படமற்ற மாவைப்போலவே கலப்படமற்ற அறிவும் அங்கத்தினர்க்கு வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். கணக்கைப் படித்தறியாத அங்கத்தினர் சங்கத்தின் உரிமையாளராக இருக்க இயலாது. பிறர் சொல்வதைக் கேட்டுக் கைந்நாட்டு வைப்பவராகவே இருப்பார்.

ஆகவே தட்டில் முதலில் இருக்கவேண்டியவை எவை? சங்கத்தின் துணைவிதிகளும் ஆண்டறிக்கைகளும், ஓர் அகராதி, திருக்குறள், பயிர்த்தொழில் பற்றிய சில நூல்கள், நெசவும் சாயமும் பற்றிய சில நூல்கள், பிள்ளைகளின் பழைய பாடநூல்கள், நல்ல கதைகள். ஐம்பது இருந்தால் தொடங்கலாம். ஏனையவற்றிற்கு ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் போன்றோரின் முயற்சியால் 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டுவரியோடு நூலக வரியும் நாம் செலுத்தி வருகிறோம். வரி கட்டியும் புத்தகம் எடுக்காமலிருப்பது, பங்குத்தொகை கட்டிச் சங்கத்திற்கு வாராமலிருப்பதற்கு ஒப்பாகும். நூல்கள் பயன்படுவதற்கே என்பது அரங்கநாதன் வகுத்த முதல் விதி. அதன்படி, நம் தட்டிலுள்ளவற்றையும் அண்டை வீட்டார்க்கு ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுத்து வாங்கலாம். ஒரு தெருவில் பத்து வீடுகளில் ஐம்பது ஐம்பதாக இருந்தால், அத்தெருவிற்கு ஐந்நூறு நூல்கள் உண்டு.

வரும் சரசுவதி பூசைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கூடத்தின் உட்சுவரை அளந்து பார்ப்பார்களாக. சிட்டிகை உப்பை ஒரு தட்டில் வைத்து ஓரிரவு விட்டுப் பார்ப்பார்களாக. பிறகு பரண்மேலுள்ள கோணியை இறக்குவோம். பாவு நூலுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இந்நூலுக்கும் காட்டினால், நம் பிள்ளைகள் படித்ததை அவர்தம் பிள்ளைகளும் படிப்பார்கள்.